புல்லுக்கு வரம்பு கட்டிய கதை

சம்மாந்துறை
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகன் றிஸ்மிக்கு, மாமா கச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலிலிருந்தும் கம்பெனி மேலாளரின் வாயிலிருந்தும் வல்ல நாயன் உங்களைக் காப்பானாக. இங்கே உங்கள் மாமி றாஹிலாவும், என் மகள் நுஸ்ஹாவும், நானும் சுகம். சுகமில்லாதது ஒன்றே ஒன்று. அது உங்கள் புல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் நுஸ்ஹாவின் கையில் இருக்கிறது, அவள் சிரிப்பாள். லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிற நளீம் இன்று பின்னேரம் புறப்படுகிறார், அவர் கையில் இதைத் தருகிறேன்.

போன முறை வந்தபோது முற்றத்தில் நின்று, "மாமா, இதில புல்லுத்தரை ஒண்டு போட்டா நல்லா இரிக்கும், அங்க மணலப் பாத்துப் பாத்துக் கண் பூத்துப்போச்சு" என்றீர்கள். மகளுக்குச் சீதனமாய்க் கொடுத்த வீடு, ஆகவே முற்றம் உங்களுடையது. பின்னறையில் இருந்து தின்கிற எனக்கு வேலையும் இல்லை. அதைவிட, கல்யாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதுவரை நாம் கதைத்ததெல்லாம் "சுகமா மாமா?" "ஓம்." "மழையா மாமா?" "ஓம்." இவ்வளவுதானே. புல் போட்ட பிறகு ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் "புல்லு எப்பிடி மாமா?" என்று கேட்கிறீர்கள், நானும் வாய் ஓயாமல் சொல்கிறேன். அந்தக் கதையை இழக்க எனக்கு மனமில்லை.

நடந்தது என்னவென்றால், நர்சரிக்காரன் மலேசியன் புல்லைத் தந்து ஏதோ சொன்னான், நான் காது கொடுக்கவில்லை. காலமெல்லாம் வயல் செய்தவனுக்குப் புல் வளர்க்க ஒருவன் சொல்லித்தருவதா? நான் வளர்த்த புல் ஒன்றேயொன்று, அது நெல் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. முற்றத்தைக் கொத்தி, வைக்கோலும் மில்லில் அள்ளிய உமியும் தாராளமாய்ப் போட்டு மிதித்து, சேறாக்கி, சுற்றிவர வரம்பு கட்டி, ஒரு மூலையில் தண்ணீர் திறந்துவிட வக்கடையும் வைத்து, அதன்மேல் உங்கள் புல்லைப் பதித்து, மோட்டரைப் போட்டுத் தண்ணீர் கட்டினேன். உங்கள் மாமி யன்னலால் எட்டிப் பார்த்து, "மீன் விடப்போறீங்களா?" என்று கேட்டா.

மழை பிடித்ததும் ஒரு விடியலில் முற்றம் முழுக்கக் காளான். பிடுங்கினேன், மறுநாள் அதைவிடக் கூட. உப்புக் கரைத்து ஊற்றினேன், புல் செத்தது, காளான் கொழுத்தது. சோறு வடித்த கொதிகஞ்சியை ஊற்றினேன், என் கால்விரல் வெந்தது. மாமி ஒரு கூடையில் பொறுக்கி, "கறியாணத்துக்கு ஆகும்போல" என்றா, பறித்து எறிந்துவிட்டேன். நீங்கள் வீடியோவில் வரும்போதெல்லாம் கதிரையைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, மிச்சத்தை உடுத்திருந்த சாரத்தை விரித்து மறைத்து நின்றேன். "என்ன மாமா, அசையாம நிக்கிறீங்க?" என்று கேட்டீர்களே, அது அதனால்தான்.

கடைசியில் கல்முனையிலிருந்து வருகிற விவசாயப் போதனாசிரியர் மேர்சியா மிஸ்ஸைக் கூட்டிவந்தேன். வரம்பைப் பார்த்தா, வக்கடையைப் பார்த்தா, கொஞ்ச நேரம் மறுபக்கம் திரும்பி நின்றா. பிறகு, "ஐயா, காளான் புல்லுக்கு வந்த நோயில்ல. கீழ வைக்கல் அழுகி உக்குது, அதத் தின்னத்தான் வந்திரிக்கி. மேல நீங்க பிடுங்கிறது காய் மட்டும், செடி மண்ணுக்குள்ள பரந்து கிடக்கு. புல்லுக்கு அதால கெடுதியில்ல. நீங்க ஊத்தின உப்பாலதான் கெடுதி. என்ன காளான் எண்டு தெரியாம யாரும் தின்னவேணாம்" என்றா. வழியும் சொன்னா. வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட வேண்டும், மண் காய்ந்த பிறகே அளவாய் ஊற்ற வேண்டும், நிழல் விழுகிற மரக்கொப்புகளைக் கழிக்க வேண்டும், குடை விரிய முன்னம் கையால் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு இரண்டில் ஒன்று: வைக்கோலை முழுதாய்த் தோண்டி எடுப்பது, அல்லது அது உக்கி முடியும்வரை பொறுப்பது.

பொறுக்க நேரமேது? நோன்புப் பெருநாளுக்கு வருகிறீர்கள், வெறுங்காலோடு புல்லில் நடக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். வரம்பை வெட்டிவிட்டேன். நாளைக்கு ஆள் பிடித்து எல்லாவற்றையும் தோண்டிப் புதிதாய்ப் பதிக்கிறேன், இன்ஷா அல்லாஹ். நான் இதையெல்லாம் எழுதினதை நுஸ்ஹாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோபமிருந்தால் மாமாவைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் உடம்புக்கும் உழைப்புக்கும் ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறோம். வஸ்ஸலாம்.

உங்கள் மாமா,
கச்சிமுகம்மது

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நீங்கள் போன் எடுத்தீர்கள். லீவு தரமாட்டார்களாம், பெருநாளுக்கு வரக் கிடைக்காதாம். பிறகு நீங்கள்தான், "காளான் எப்பிடி மாமா?" என்று கேட்டீர்கள். நுஸ்ஹா காளான் வந்த முதல்நாளே படம் பிடித்து அனுப்பிவிட்டாளாம்! அப்படியென்றால் நான் சாரத்தை விரித்து நின்றது யாருக்காக? போகட்டும். இனி ஆளும் பிடிக்கப்போவதில்லை, தோண்டவும் போவதில்லை. வைக்கோல் தன்பாட்டில் உக்கட்டும், அதற்குக் காலம் எடுக்குமாம், எடுக்கட்டும். நுஸ்ஹா முற்றத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்குகிறாள், முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் இருந்து பிடுங்கப் போகிறேன். அது உக்கி முடிவதற்குள் வந்துவிடுங்கள் மகன்.