அரசரைக் கவிழ்த்த உதட்டுச்சாயம்

சான் ஜெனியோ,
ஜூன் 1946.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஒத்தோரினோ அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் எவாரிஸ்தோ பணிவோடு எழுதுவது. தூரினில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே உங்கள் தங்கை செலிந்தா மிக மிக நலம். என் புகாரே அதுதான்.

போர் முடிந்து, அரசரா குடியரசா என்று நாடே வாக்களித்ததல்லவா? பெண்களுக்கும் வாக்கு என்றார்கள், அன்றே என் நிம்மதி போயிற்று. நம் ஊரில் அரசர்தான் ஜெயிப்பார் என்ற தைரியத்தில், "இங்க தோத்தா அவரு படத்த நானே கழட்டுறேன், ஞாயித்துக்கிழமை பொலெந்தா களியையும் நானே கிண்டுறேன்" என்று சாப்பாட்டு மேசையில் வாயை விட்டுவிட்டேன். உங்கள் தங்கை "சரிங்க" என்றாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வாக்குச்சீட்டை மடித்து, ஓரத்துப் பசையை நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும். உதட்டுச்சாயம் பட்டால் சீட்டு செல்லாது என்று பத்திரிகைக்காரர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். இந்தப் பெண்கள் கேட்டால்தானே! நான் கல்யாணக் கோட்டு மாட்டி, மீசையைக் கருகருவென்று முறுக்கிக்கொண்டு போனேன். (போருக்குப் பின் மீசைச் சாயம் எங்கே கிடைக்கிறது? பூட்ஸ் பாலீஷ்தான்.) கொளுத்துகிற வெயில், கோயில் வாசல்வரை வரிசை. வியர்வை வழிய வழிய வரிசை நெடுக நடந்து, ஒவ்வொருத்தியிடமும் உதட்டைத் துடைக்கச் சொன்னேன். ரொட்டிக்கடை தூல்யாவுக்கு என் கைக்குட்டையையே கொடுத்தேன்.

"உதடு எங்களோடது, நாக்கு எங்களோடது. உங்களுக்கு என்னண்ணே நோவுது?" என்று கேட்டபடியே துடைத்துவிட்டு, கைக்குட்டையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏங்க, ஊரத் திருத்தினது போதும், மொதல்ல ஒங்க மொகத்தப் பாருங்க" என்றாள் உங்கள் தங்கை, அத்தனை பேர் முன்னால். கணவனிடம் பேசுகிற பேச்சா இது?

முடிவைக் கேளுங்கள். நம் ஊரில் அரசர் ஒரே ஒரு வாக்கில் தோற்றார்! கறை பட்டதால் தள்ளிவைத்த சீட்டும் ஒன்றே ஒன்று, அதுவும் அரசருக்கு விழுந்த சீட்டாம். எவளோ ஒருத்தி மினுக்கிக்கொண்டு வந்து ராஜ வம்சத்தையே கவிழ்த்துவிட்டாள். அவள் மட்டும் உதட்டைத் துடைத்திருந்தால் சமமாகியிருக்கும், படம் சுவரிலேயே இருந்திருக்கும். இப்போது சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. களிக் கரண்டியை உங்கள் தங்கை என் நாற்காலியில் வைத்திருக்கிறாள். எனக்கு அழுகையே வருகிறது. தயவுசெய்து வரும் ஞாயிறு நேரில் வந்து, பெண்களுக்கு வாக்கு எதற்கு என்று உங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்.

உங்கள் குடும்பம் எல்லா வளமும் பெற வாழ்த்தி,
எவாரிஸ்தோ.

பின்குறிப்பு: நீங்கள் வரவேண்டாம். வாக்கு எண்ணிய வாத்தியாரை இப்போதுதான் பார்த்தேன். சீட்டில் இருந்த கறை சிவப்பு இல்லையாம், கறுப்பாம். பூட்ஸ் பாலீஷ் வாடையாம். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை அப்படியே பதிந்திருக்கிறதாம். இந்த ஊரில் அப்படி மீசை வேறு யாருக்கும் கிடையாது. தூல்யா கைக்குட்டையைத் துவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். களி கட்டி தட்டாமல் கிண்டுவது எப்படி என்று உங்கள் வீட்டில் கேட்டு உடனே எழுதவும்.