ஐந்து மணி நேரத் தூக்கமும் ஒரு ரோஜா மாலையும்

"வீட்டைக் கொஞ்சம் அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டாக்டர் விவரம் தெரியாமல் சொல்லிவிட்டார். நான் அதைச் செய்துகாட்டிய லட்சணத்தில் எங்கள் தெருவில் மளிகைக்கடை ஷட்டர் பாதி இறங்கியது, தச்சநல்லூரிலிருந்து ஒரு ஆட்டோ ஒப்பாரியோடு வந்து நின்றது.

என் கணவர் செல்வராஜ் வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். திடீரென்று ஒரு நாள் கிளையையே மூடிவிட்டார்கள். மனுஷர் ஒரு வார்த்தை புலம்பவில்லை. "விடு, வேற பாத்துக்கிடலாம்" என்றார். ஆனால் அன்றைக்குப் போன தூக்கம் திரும்பி வரவில்லை. படுப்பார், எழுந்திருப்பார், தண்ணீர் குடிப்பார், மறுபடி படுப்பார். ஆறு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நாங்கள் பேசினால் பதில் வரும். முகத்தில் ஆள் இருக்காது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். "மாத்திரையைப் பிறகு பார்ப்போம். முதலில் வீட்டில் அவருக்கு ஒரு அமைதியான இடம் ஏற்படுத்திக்கொடுங்கள்" என்றார். பாளையங்கோட்டையில் என்னைப்போல் கணக்கு டீச்சராக இருக்கிறவளிடம் ஒரு வேலையைச் சொன்னால் அது வீட்டுப்பாடம் மாதிரி. செய்து முடித்துக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டாள்.

அமைதிக்கு வழி தேடி போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒரு அம்மா, கிரிக்கெட் மைதானம் அளவுக்கு ஒரு கூடத்தில் நின்றுகொண்டு, "வேண்டாத சாமானை வெளியேற்றுங்கள். எங்கும் வெள்ளை நிறம். மெல்லிய நறுமணம். தலைமாட்டில் சின்ன வெளிச்சம். தரையில் படுக்கை. மௌனம்" என்றார். (அந்த அம்மா வீட்டில் பீரோவே இல்லை. துணியெல்லாம் எங்கேதான் வைப்பாரோ!)

ஒரு வியாழக்கிழமை லீவு போட்டேன். மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினேன். முன்னறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை பதினெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மகளின் சடங்குக்கு வாங்கியவை. அவற்றை வாசலுக்குக் கொண்டுபோனேன். கோணல்மாணலாகக் கிடந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை போட்டேன். வெயிலில் வெளுத்துவிடுமே என்று மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினேன். தண்ணீர் கேனும் அறையில் இடைஞ்சலாக இருந்தது. அதையும் வெளியே ஸ்டூலில் வைத்து, நாலு டம்ளரைக் கவிழ்த்தேன்.

உள்ளே ஜன்னலுக்கு அவருடைய வெள்ளை வேட்டிகள். தரையில் மெத்தை, வெள்ளை விரிப்பு. சாம்பிராணி. தலைமாட்டில் ஒரு விளக்கு. காலிங் பெல் வயரைப் பிடுங்கினேன், இரண்டு போனையும் அணைத்தேன்.

இவ்வளவையும் செய்தபோது என் மூளையில் ஒரு மணிகூட அடிக்கவில்லை. அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்.

பத்தரை மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். "இதுல படுக்கணுமா? என்னமோ போல இருக்கு" என்று தயங்கினார். "படுங்க சொல்லுதேன்" என்றேன். படுத்தார். நெஞ்சுவரை வெள்ளைப் போர்வையை இழுத்துவிட்டேன். பத்து நிமிஷம். எட்டிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தார்! கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏற்கெனவே சாம்பிராணிப் புகையில் சிவந்த கண், தலைக்குக் குளித்து அவிழ்த்துப்போட்ட கூந்தல். அந்தக் கோலத்தில் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியில் காவலுக்கு உட்கார்ந்தேன்.

எதிரே இசக்கி அண்ணாச்சியின் மளிகைக்கடை. அவர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். தெருவைக் கடந்து வந்து, வேட்டி இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இழவு வீட்டில் வீட்டுக்காரியிடம் யாரும் 'என்ன ஆச்சு' என்று கேட்பதில்லை அல்லவா? திரும்பிப் போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். ஆகா, இவருக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று கடையையே சாத்துகிறாரே, என்ன மனுஷர் என்று நெகிழ்ந்துபோனேன்.

பிறகு அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். நிழலுக்கு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்தேன். நான் உதட்டில் விரல் வைத்தேன், தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு மேரியக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆறு வாரமாக நான் படும் பாடு இவருக்காவது தெரிகிறதே என்று நானும் சேர்ந்து அழுதேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்தது. தச்சநல்லூரில் இருக்கும் அவருடைய அக்கா, என் மைனி. அண்ணாச்சிதான் போன் போட்டிருக்கிறார்.

"ஏ ராசா! என்னய விட்டுட்டுப் போயிட்டியே ராசா!" என்று மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

அப்போதுதான், நாற்காலி, பந்தல், தண்ணீர், வெள்ளைத்துணி, விளக்கு என்று அத்தனையும் ஒன்றுகூடி என் மண்டையில் இறங்கியது. பாய்ந்து போய் மைனியின் வாயைப் பொத்தினேன்.

"மைனி, கத்தாதீங்க! அவிய சாகல. ஒறங்குதாவ!"

"பாவி மக்கா, உனக்குப் பித்து பிடிச்சிட்டா?"

ஜன்னலுக்கு இழுத்துப்போய்க் காட்டினேன். மைனி உற்றுப் பார்த்தார். போர்வை ஏறி இறங்கியது.

"ஏட்டி, மூச்சு விடுதான்!"

"எழுப்பிக் காட்டட்டுமா மைனி? எல்லாரும் வந்துட்டாவளே, மானம் போவுதே!"

சுருக்கென்று என் கையைப் பிடித்தார். ஆறு வாரமாகத் தம்பிக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தவர் அவர். "எழுப்புன, உன்ன நான் கொன்னுருவேன். மானம் எங்கயும் போவாது. ஒறக்கம் போனா வருமா?"

அது போதும் எனக்கு. வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். வகுப்பில் கத்தியே பழக்கப்பட்ட தொண்டையை அடக்கிக் கிசுகிசுத்தேன். "அவிய உயிரோட இருக்காவ. ஆறு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் ஒறங்குதாவ. யாரும் சத்தம் போடக் கூடாது. சிரிக்கவும் கூடாது."

இசக்கி அண்ணாச்சி விழித்தார். "அப்போ சேரு?"

"உள்ள எடம் பத்தல அண்ணாச்சி."

"பந்தலு?"

"சேரு வெளுத்துரும்லா."

"தலமாட்டுல வெளக்கு?"

"வீடியோவுல சொன்னா."

அண்ணாச்சி துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தது. மேரியக்கா முந்தானையில் முகத்தைப் புதைத்தார். இரண்டு வரிசையும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. வந்ததே வினை! தெருமுனையிலிருந்து பார்த்தால் ஊரே தேம்பித் தேம்பி அழுவது மாதிரி இருந்திருக்கிறது. போகிற வருகிறவர்களெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்கள். வந்தவர் காதில் விஷயத்தைச் சொல்வோம். அவரும் துண்டைத் திணிப்பார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். எழுந்து வீட்டுக்குப் போகவும் ஒருவருக்கும் மனசில்லை. "முழிக்கும்போது அந்த மூஞ்சியப் பாக்காமப் போவனா?" என்றார் அண்ணாச்சி.

இரண்டு மணிக்கு, காலையில் பரவிய சேதியைக் கேட்டு, அவருடைய பழைய அலுவலகத்து ஆட்கள் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கையில் ஆளுயர ரோஜா மாலை. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை போன ஏக்கத்தில் அவர் ஏதோ செய்துகொண்டார் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் சங்கர் என்கிற பையன், இவர் கையில் வேலை படித்தவன், மண்ணில் அப்படியே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதான். "அண்ணனுக்கு ஒண்ணும் இல்லல்லா? நெசமாத்தான?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது.

கலைந்த தலை, கன்னத்தில் தலையணை மடிப்பு, வேட்டியை இறுக்கிக்கொண்டே, "ஏட்டி, ஒரு டீ..." என்றபடி வந்தவர் அப்படியே நின்றார். எதிரே ஐம்பது பேர்.

"ஒறக்கம் நல்லா இருந்துச்சா வே?" என்றார் அண்ணாச்சி.

அவ்வளவுதான். அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்தது. சிரித்த சிரிப்பில் ஒரு நாற்காலி காலே முறிந்தது. ஆளாளுக்குக் கத்தி விஷயத்தைச் சொன்னார்கள். இவர் நாற்காலியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "இது எனக்கா?" என்றார். சங்கர் தலையாட்டினான்.

சிரித்தார் பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஆறு வாரமாகக் கேட்கவில்லை. பிறகு எழுந்து மாலையை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் என் கழுத்தில் போட்டார். "என்னயக் கொன்னவளும் இவதான், ஒறங்க வச்சவளும் இவதான்" என்றார். மைனி குலவை போட்டார். அண்ணாச்சி கடையைத் திறந்து அத்தனை பேருக்கும் கலர் சோடா உடைத்தார். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு கூட்டமும் இல்லை, அவ்வளவு பெரிய மாலையும் இல்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் ஒழுங்காக வந்தது. நாலு மாதத்தில் வேறு வேலையும் கிடைத்தது. ஆனால் எங்கள் முன்னறை எங்களுக்கு மட்டும் சொந்தமாக இல்லாமல் போயிற்று. கடையில் சரக்கு வந்து அலுத்துப்போனால் அண்ணாச்சி, "டீச்சர், ஒரு மணி நேரம் செத்துட்டுப் போறேன்" என்று வந்து படுப்பார். மேரியக்கா மருமகளோடு சண்டை போட்டால் நேரே இங்கேதான் வருவார். எங்கள் குடும்பத்தில் தூங்கப் போவதற்கு இப்போது வேறு வார்த்தையே கிடையாது.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போன் பண்ணினாள். குரலே சரியில்லை. மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டிவிட்டாராம். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணும் சொல்லாதம்மா. சனிக்கிழமை ரயிலேறுதேன். அங்கன வந்து ரெண்டு நாள் நல்லா செத்துக் கிடக்கணும்" என்றாள்.

"வா மக்கா," என்றேன். "விரிச்சு வைக்கேன்."