அனுப்பியாகிவிட்டது

"உங்கள் பணம் அனுப்பப்பட்டுவிட்டது. நன்றி."

விளம்பரக் கம்பெனியிடமிருந்து இதே பதில் வருவது ஆறாவது முறை. விமர்சகரும் ஆறாவது முறையாகத் தன் பேங்க் கணக்கைத் திறந்து பார்த்தார். அது பாட்டுக்குக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

வாஷிங் மெஷின்களைப் பற்றி எழுதுவதுதான் அவர் தொழில். எது துணியைக் கிழிக்கும், எது பிழியும்போது வீட்டைச் சுற்றி நடக்கும் என்று தன் வலைத்தளத்தில் புட்டுப்புட்டு வைப்பார். படித்தவர்கள் அங்கிருக்கும் லிங்க்கை அழுத்தி மெஷின் வாங்கினால் கம்பெனி அவருக்குக் கமிஷன் தர வேண்டும். இதை நம்பி ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவருக்கு மனைவி வைத்த கெடு ஆறு மாதம்.

"மாசக் கடைசிக்குள்ள பணத்தைக் கண்ணுல காட்டுங்க. இல்லைன்னா பழைய மேனேஜர் கைகாலைப் பிடிச்சாவது வேலையைத் திரும்ப வாங்குங்க."

பழைய மேனேஜரை நினைத்ததுமே விமர்சகர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கம்பெனியைப் போனில் பிடித்தார்.

"எங்க பக்கம் எல்லாம் போயிருக்கு சார். ஆதாரம் அனுப்பறேன்" என்றாள் அங்கிருந்த பெண்.

ஆதாரம் வந்தது. கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள், கடைசியில் நாலே நாலு எண்கள். திருடன் நீட்டுகிற ரசீதை எவனாவது உட்கார்ந்து சரிபார்ப்பானா? படக்கென்று மூடினார்.

அவரைப் போலவே லிங்க் போட்டுப் பிழைப்பவர்களின் குழு ஒன்று இருந்தது. அதில் போய், "உஷார்! பணத்தை அமுக்குற கம்பெனி!" என்று பொங்கித் தள்ளினார். ஒரே நாளில் முந்நூறு பேர், "எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்" என்று சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் கம்பெனி அறிவித்தது: விசாரணை முடியும்வரை புகார் சொன்ன யாருக்கும் பணம் கிடையாது.

முந்நூறு பேரும் அப்படியே இவர் பக்கம் திரும்பினார்கள். "ஒழுங்கா வந்துட்டிருந்ததுல மண்ணைப் போட்டியே, மகராசா!"

அன்று பார்த்து மனைவி, "பணம் என்னாச்சு?" என்றாள்.

"வந்துடுச்சு" என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலே.

"அப்படியா! எங்க, கைல குடுங்க பார்ப்போம்."

"நாளைக்கு... பேங்குக்குப் போய் எடுத்துட்டு வரேன்."

மறுநாள் அவர் போய் நின்றது மாமியார் வீட்டு வாசலில். மாமியார் ரிட்டயர்டு நர்ஸ். முன்பெல்லாம் இவரைக் கண்டால் எங்கே ஊசி குத்தலாம் என்பது போலப் பார்ப்பார். கொஞ்ச மாதங்களாக என்ன மாயமோ, "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று உருகுகிறார். போன வாரம்கூடப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். வேலையில்லாதவன் என்று இரக்கப்படுகிறார் போல என விமர்சகருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது.

"அத்தை, ஒரு அவசரம்..."

முழுசாகச் சொல்லவே விடவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கற்றையை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"சீக்கிரம் திருப்பிக் குடுத்துடறேன் அத்தை."

"நல்லாருக்கே! நீங்க எனக்குச் செஞ்சதுக்கு இது எம்மாத்திரம்? பொண்ணுகிட்ட மூச்சு விடமாட்டேன், போங்க."

அவர் செய்ததெல்லாம் ஒரு தடவை பல்பு மாட்டியதும், ஒரு பென்ஷன் ஃபாரம் நிரப்பிக் கொடுத்ததும்தான். அதற்கா இவ்வளவு! விமர்சகருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனசு, இவரைப் போய் இத்தனை வருடம் தப்பாக நினைத்தோமே என்று மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பணத்தைப் பார்த்த மனைவிக்கும் கண் கலங்கியது. "உங்களை நம்பாம இருந்துட்டேங்க. அடுத்த மாசமும் இதே மாதிரி குடுத்துட்டீங்கன்னா, ஆபீஸ் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அடுத்த மாதமுமா! விமர்சகருக்குத் தூக்கம் போனது.

மாதம் பிறந்து நாலாம் நாள் மாமியாரே வந்துவிட்டார். மகள் சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தை, அந்தக் கடனை..."

"அட, அதை யாரு கேட்டா?" மாமியார் குரலைத் தாழ்த்தினார். "பென்ஷன் ஃபாரம் நிரப்ப நான் குடுத்த பேங்க் நம்பரை ஞாபகமா வச்சிருந்து, யாருக்கும் தெரியாம ஆறு மாசமா எனக்குப் பணம் போட்டுட்டு வந்தீங்களே மாப்பிள்ளை, இந்த மாசம் வரலையே, உங்க கம்பெனி ஏதும் ஏமாத்திடுச்சா?"