என்னைப் பிடிக்க ஆளில்லை

கல்வராயன் மலையடிவாரத்து ராணுவ முகாமின் வாசலில், பார்த்தவுடன் சந்தேகம் வரும்படி நிற்க இளஞ்செழியன் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுத்தாடி, அழுக்கு லுங்கி, கையில் தகரப் பெட்டி. காவலுக்கு நின்றவனோ விறைப்பாக சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிட்டான்.

தீவிரவாதிகள் வந்தால் முகாம் சமாளிக்குமா என்று பார்க்க, வெளியூர்ப் பட்டாளத்திலிருந்து மேலிடம் அவரைத் தீவிரவாதி வேஷம் போட்டு அனுப்பியிருந்தது. எண்பத்தேழாம் வருஷத்து இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடாததால் கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.

பிடிபடாமல் உள்ளே போனால் அவருக்குப் பாராட்டுதான். ஆனால் இங்கே காவலுக்குப் பொறுப்பு அவருடைய மச்சான் செல்லமுத்து.

"எங்கண்ணன் பிரமோஷன்ல கை வச்சீங்க, வூட்டுப் பக்கமே வராதீங்க" என்று மனைவி அம்சவள்ளி சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே, எப்படியாவது பிடிபட்டுவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தார்.

"பொட்டியத் தெறந்து பாக்கலியா?"

"உங்க பொட்டிய நாங்க பாக்கறதாங்க? போங்க, போங்க."

"ஹவில்தார் செல்லமுத்து எங்க?"

காவல்காரன் குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அவரு... வேலையா இருக்காருங்க."

துப்பாக்கி அறைக்குப் போய்ச் சாவி கேட்டார். யார், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை, கொத்தோடு கொடுத்தார்கள்.

"ஒரு கையெழுத்துகூட வாங்க மாட்டியா?"

"வேணாங்க. நீங்களே வச்சிக்கினு இருங்க."

மச்சானின் பிரமோஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. வியர்த்துக் கொட்டியதில் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. எதிரே வந்த சிப்பாய் அதை மரியாதையாக அழுத்தி ஒட்டிவிட்டு, சல்யூட் அடித்துப் போனான்.

இளஞ்செழியனுக்கு ஆத்திரம் வந்தது. சாக்பீஸை எடுத்து, பெட்டிமேல் ‘வெடிகுண்டு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஆபீஸ் மேஜைமேல் டங்கென்று வைத்தார். அங்கிருந்தவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஃபேனை அதன் பக்கம் திருப்பினான்.

"வெயிலு ஜாஸ்திங்க" என்றான் பவ்யமாக.

இனி வேஷம் உதவாது. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். பெஞ்சின்மேல் ஏறினார். தாடியைப் பிய்த்து எறிந்தார்.

"யோவ்! நான் தீவிரவாதிய்யா! யாராவது வந்து புடிங்கய்யா என்னை!"

தட்டில் பிசைந்த கைகள் அப்படியே நின்றன. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த பகலவன் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்ப நீங்க மாறுவேசத்துல சோதனை போட வந்த ஆபீசர் இல்லியா?"

"இல்லய்யா! மேலிடம் அனுப்புன தீவிரவாதிய்யா!"

பகலவன் நெஞ்சில் கை வைத்துப் பெஞ்சில் சாய்ந்தான்.

"இன்னா சார், வயித்துல புளியக் கரைச்சிட்டீங்க! நாங்களும் மேலிடம் அனுப்புன தீவிரவாதிங்கதான் சார். விடியக்காலமே முகாமப் புடிச்சி, இங்க இருந்தவங்களையெல்லாம் குடோன்ல போட்டுப் பூட்டிட்டு, அவுங்க யூனிஃபார்ம மாட்டிக்கினு இருக்கோம்!"