லைவில் பார்த்த கொள்ளி

எங்கள் அம்மாவின் செத்தவீட்டில் அம்மாவை விட அதிகமாகக் கவனிக்கப்பட்ட ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருக்கிறது.

தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் கடைசி மகன். அண்ணை கனடாவில், அக்கா லண்டனில், புத்தூரில் அம்மாவோடு இருந்த கடைக்குட்டி நான். (முப்பத்து நாலு வயதிலும் கடைக்குட்டிதான்.) வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்ப்பதற்காக முற்றத்தில் கமரா வைத்து லைவ் போய்க்கொண்டிருந்தது. கிரியை தொடங்கியது. "தம்பி, தர்ப்பை போட வலக்கையை நீட்டுங்கோ" என்றார் குருக்கள்.

நீட்டப் பார்த்தேன். கை வரவில்லை. தோளிலிருந்து விரல் நுனிவரை மரக்கட்டை.

"நீட்டடா" என்றார் பெரியப்பா.

"எழும்புதில்லைப் பெரியப்பா."

"பாவம், அழுது களைச்சுப் போனான்" என்றார் ஒரு மாமி. உண்மையில் நான் ஒரு சொட்டுக்கூட அழுதிருக்கவில்லை.

மாமி நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பாரிசவாதம் என்றார். இன்னொருவர் செய்வினை என்று அடித்துச் சொன்னார். கமராக்காரர் அம்மாவை விட்டுவிட்டு என் கையைக் கிட்டத்தில் காட்டினார். அடுத்த நிமிடம் பெரியப்பாவின் போனில் அண்ணை கத்தினார்: "ஸ்ட்ரோக் எண்டால் சுணக்கக்கூடாது! உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ!"

அப்படித்தான் அம்மா சுடலைக்கும் நான் ஆஸ்பத்திரிக்கும் போனோம். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். அதே ஊரில் பிறந்து, அதே வீட்டில் அம்மாவோடு இருந்த நான், வெளிநாட்டுக்காரன் மாதிரி ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபடி இடக்கையில் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். குடத்தோடு மூன்றாம் சுற்று வரும்போது படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது புகைதான் தெரிந்தது.

ஸ்கானில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் வினையாகிப் போனது.

"அப்ப ஏன்ரா நடிச்சனி?" என்று கேட்டார் அண்ணை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கையைக் கிள்ளிப் பார்த்தேன். உணர்வில்லை.

மறுநாள் மனநல வைத்தியர் வந்தார். அமைதியான ஒரு அம்மா.

"இது நடிப்பில்லை. உங்கடை நரம்பு நல்லா இருக்கு. ஆனால் கை உண்மையாத்தான் எழும்புதில்லை. மனம் தாங்கேலாததைச் சில நேரம் உடம்பு இப்பிடிக் காட்டும்" என்றார். பிறகு, "அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். நினைவு தப்புமுன் அம்மா, "ஒப்பரேஷன் வேண்டாம் ராசா, வீட்டை கூட்டிக்கொண்டு போ" என்று கெஞ்சியதை. வாட்ஸ்அப்பில் மூன்று நாடும் சண்டை பிடித்ததை. கடைசியில் அண்ணை, "நான் சொல்லுறன், ஒப்பரேஷனுக்கு நீ சைன் வை" என்று எழுதியதை. நான் வைத்ததை. அம்மா பிறகு கண் திறக்கவே இல்லை என்பதைச் சொல்ல வரும்போது அழுகை வெடித்தது. வாட்டே எழும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தி அழுதேன்.

அழுததும் கை எழும்பிவிட்டது என்று எழுத ஆசைதான். எழும்பவில்லை. ஆறு கிழமை பயிற்சி செய்து, கதைத்துக் கதைத்துத்தான் ஒவ்வொரு விரலாக வந்தது.

இப்போது ஒவ்வொரு திவசத்துக்கும் அண்ணை வீடியோவில் வருவார். நான் படையலுக்குச் சோறு அள்ளும்போது, "கை எழும்புதோ, இல்லாட்டி இதையும் லைவிலைதான் பாக்கப் போறியோ?" என்பார். வீடே சிரிக்கும்.

ஒருநாள் அந்த வாட்ஸ்அப் குழுவில் பின்னால் போய்த் தேடினேன். சைன் வைக்கச் சொன்ன அண்ணையின் அந்தச் செய்தி அழிக்கப்பட்டிருந்தது. அம்மா செத்த அன்றே அழித்திருக்கவேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் அந்தப் பகிடிக்கு முதலில் சிரிப்பவன் நான்தான். அங்கே கனடாவில் அவருக்கும் என்னைப்போலக் கை விறைத்தால் பிடித்துவிட ஆளில்லை.