என் பாதத்தின் அதிகாரபூர்வ நீளம்

இந்த ஜன்மத்தில் பனிச்சறுக்குக் கட்டையை மிதிப்பதில்லை என்று என் நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். சத்தமாகச் செய்யவில்லை. சத்தமாகச் செய்யும் சங்கல்பங்களை என் மனைவி ரென்ஸ்கே அன்று சாயங்காலத்துக்குள் முடித்துவைத்துவிடுவாள்.

பயத்துக்குக் காரணம் உண்டு. நான் பிறந்து வளர்ந்து லத்தீன் வாத்தியாராக இருக்கும் ஃப்ரீஸ்லாந்தில் உயரமான இடம் என்றால் கடலணைதான். அதன்மேல் ஆடு மேயும். உருண்டு விழுந்தால் ஆட்டின் மேல்தான் விழவேண்டும். ரென்ஸ்கேவோ ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். பிப்ரவரி வந்தால் பனிமலைக்குப் போன எங்கள் ஊர் ஜனங்கள் வரிசையாக அவளிடம் வந்து சேர்வார்கள்.

"இன்னைக்கு ஏழு கணுக்கால், மூணு முழங்கால்," என்பாள், சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே.

மசிகிற கிழங்கைப் பார்த்தபடி நான் என் எலும்புகளை மனத்துக்குள் எண்ணிக்கொள்வேன். மொத்தம் இருநூற்றாறு. எல்லாம் முழுசு.

இத்தனை பார்த்தும் அவளுக்கு மலை என்றால் உயிர். வருஷா வருஷம் சிநேகிதிகளோடு போய்விட்டு வருவாள். நான் வீட்டில் அடிக்குறிப்பு எழுதுவேன். குடும்பம் அமைதியாக நடந்தது. வெள்ளிவிழா வந்துதான் கெடுத்தது.

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம்," என்றாள். "இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து சறுக்கறோம். எந்த நாடுங்கறதை மட்டும் நீ சொல்லு."

"ஜப்பான்."

முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆஸ்திரியா கார்ல ஒரு பகல் தூரம். நீ தெருமுனை வரைக்கும் போகவே யோசிக்கற ஆளு. ஜப்பானா?"

"வெள்ளிவிழா இல்லையா."

அவள் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது. அது வேறு காரணத்துக்கு.

வெள்ளிவிழாவுக்கு இப்படி ஏதாவது வரும் என்று பயந்து ஒரு மாதமாக நான் ரகசியமாகப் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப்போல் இரண்டு மீட்டர் வளர்ந்த ஜீவன்கள் ஜப்பானியப் பனிமலைகளைப் பற்றிப் பயணக் குறிப்புகளில் புலம்பியிருந்தார்கள். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் கால் இருந்தால் அங்கே வாடகைக்குப் பூட்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊர் ஊராக அலைந்தோம், கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வாரம் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம் என்று ஒருவர் அழுதிருந்தார். அந்த அழுகையைப் பிரார்த்தனைபோல் மூன்று தடவை படித்தேன். ஜன்னலோரம், ஒரு வாரம், பக்கத்தில் வெந்நீர் ஊற்று. இதைப் போய் துக்கம் என்கிறார்களே.

ஒரே சிக்கல். என் பாதம் முப்பதரை சென்டிமீட்டர். அது ஆபத்தான அளவு. எவனாவது ஒரு கடைக்காரன் மூலையில் ஒரு ஜோடி வைத்திருந்தாலும் வைத்திருப்பான். ஆகவே கடைக்கு முன்கூட்டி அனுப்பும் படிவத்தில் முப்பத்து நான்கு என்று எழுதினேன். பொய் மூன்றரை சென்டிமீட்டர்தான். இதைவிட நீளமான பொய்களின் மேல் சாம்ராஜ்யங்களே நின்றிருக்கின்றன.

"பூட்ஸை இங்கயே வாங்கிடலாமே," என்றாள் ரென்ஸ்கே.

"ஒரு வாரத்துக்காகவா?"

ஃப்ரீஸ்லாந்துக்காரியின் வாயை அடைக்க இந்த ஒரு கேள்வி போதும்.

கதைக்குக் காலில்லை என்பார்கள். என் கதைக்குக் கால் வேண்டியிருந்தது. ஆகவே நான்கு அளவு பெரிய மூடிய காலணி ஒரு ஜோடி வாங்கி, நுனியில் செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு பேருந்து முழுக்க வாத்துபோல் நடந்தேன். எல்லாம் யோசித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த நாட்டில் வாசலிலேயே காலணியைக் கழற்றவேண்டும்.

விடுதிக்கார அம்மாள் என் காலணியை எடுத்து வாசல் பக்கம் திருப்பி வைத்தபோது உள்ளேயிருந்து எங்கள் ஊர்ச் செய்தித்தாள் எட்டிப் பார்த்தது. நான் மூச்சை நிறுத்தினேன். அந்த அம்மாள் முகத்தில் இரக்கம் படர்ந்தது. ஈரக் காலணியை அவர்களும் அப்படித்தான் காயவைப்பார்களாம். பாவம், நனைந்துபோய் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். மறுநாள் காலையில் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாளை, முன்னைவிட இரண்டு பங்கு, இறுக்கி வைத்திருந்தார். என் பொய்க்கு ஊரே முட்டுக் கொடுத்தது. ஆனால் விரலை நுழைக்க இடமில்லை.

அந்தக் காலோடுதான் குட்சுகாகே என்பவரின் வாடகைக் கடைக்குப் போனோம். குட்சுகாகே என்றால் அவர்கள் மொழியில் காலணியைத் தொங்கவிடுவது என்று பொருள். சொற்பிறப்பில் எனக்கு நம்பிக்கை உண்டு. அன்றைக்கே சுதாரித்திருக்கவேண்டும்.

எங்களுக்குப் பொதுவாக இருந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசினோம். மனிதருக்கு அறுபது வயது, குள்ளம், வெகு மரியாதை. என் காலணியைப் பார்த்து அதற்குத் தனியாக ஒரு வணக்கம் வைத்தார்.

"வீபே சான்," என்றார். என் பெயர் வீபே; 'சான்' அவர்கள் ஊர் மரியாதை. "படிவத்துல எழுதின அளவு சரிதானே? அளந்து பாத்துடலாமா?"

"வேண்டாம். என் கால் எனக்குத் தெரியும்."

பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "கொஞ்சம் கஷ்டம்."

உள்ளம் குளிர்ந்தது. அந்த நாட்டில் 'கொஞ்சம் கஷ்டம்' என்றால் 'நடக்காது' என்று படித்திருந்தேன்.

"அடடா," என்றேன், துக்கமாக. "ரென்ஸ்கே, நீ போய்ச் சறுக்கு. என்னைப் பத்திக் கவலைப்படாதே."

ஆனால் மனிதர் தொலைபேசியை எடுத்துவிட்டார். விருந்தாளி ஒருவன் அத்தனை தூரம் வந்து தன் கடையில் வெறுங்காலோடு நிற்பது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. நாங்கள் படியிறங்கும்போது மூன்றாவது கடையோடு பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் எனக்கு நிம்மதியில்லை. ரென்ஸ்கே மலைக்குப் போய்விடுவாள். நான் வெந்நீரில் கழுத்தளவு கிடப்பேன். தண்ணீர் சுட்டது, முதுகு மட்டும் சில்லென்றே இருந்தது. விடுதியில் தொலைபேசி மணி அடித்தால் என் இருநூற்றாறும் நடுங்கும். இரண்டாம் நாள் மத்தியானம் குட்சுகாகேயே நேரில் வந்துவிட்டார்.

"வீபே சான், பக்கத்துப் பள்ளத்தாக்குல முப்பத்திரண்டு கிடைச்சிருக்கு."

"பத்தாதே."

"விரலை மடக்கிக்கிட்டா?"

"மடங்காது. பரம்பரை."

"உங்க அப்பாவுக்கும் மடங்காதா?"

"தாத்தாவுக்கே மடங்காது."

ஆழ்ந்த அனுதாபத்தோடு குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை இடி விழுந்தது. நிகாட்டாவில் ஒரு மல்யுத்தக்காரர். ஓய்வு பெற்றவர். பொழுதுபோகாமல் பனிப்பலகை பழகினாராம். அதற்கென்றே சொல்லிச் செய்த பூட்ஸ். சரியாக முப்பத்து நான்கு.

"நாளைக்குக் காலையில பார்சல்ல வந்துரும்," என்றார் குட்சுகாகே. கண்ணில் நீர் நின்றது. "கட்டைக்குப் பதிலா பலகை. பரவாயில்லையே?"

அதாவது, இரண்டு கட்டையில் விழுவதற்குப் பதில் ஒரே பலகையில் விழலாம்.

ரென்ஸ்கே என் தோளைத் தட்டினாள். "பாத்தியா, நம்ம அதிர்ஷ்டம்." அவள் எதையும் கண்டுபிடித்த மாதிரி தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளை ஏமாற்றியிருக்கிறேன், அதை அனுபவிக்க முடியவில்லையே என்று நொந்தபடி மத்தியானம் முழுக்க வெந்நீரில் கிடந்தேன். கைவிரல் திராட்சை வற்றல்போல் ஆகிவிட்டது. பாதம் மட்டும் ஒரு சென்டிமீட்டர்கூட மாறவில்லை.

நான்காம் நாள். பார்சல் பிரிந்தது. பூட்ஸா அது, இரண்டு வாளி. குட்சுகாகே முழங்காலிட்டுப் பிடித்துக்கொண்டார். நான் காலை விட்டேன். கால் போய்க்கொண்டே இருந்தது.

அவர் உள்ளே கைவிட்டுத் துழாவினார். "வீபே சான், குதிகால் எங்கே?"

"குளிர்ல சுருங்கியிருக்கும்."

"சுருங்கும், சுருங்கும்," என்று மரியாதையாக ஒத்துக்கொண்டு, அளவுத் தகட்டை எடுத்து வந்து என் காலை அதில் வைத்தார். முப்பதரை. தகட்டைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். முப்பதரை.

எழுந்து உள்ளே போனார். பச்சை நிறத்தில் ஒரு ஜோடி சறுக்குப் பூட்ஸ் கொண்டுவந்து வைத்தார். "இது முப்பதரை. முதல் நாள்லேருந்து இங்கயேதான் இருக்கு."

நான் ரென்ஸ்கேயைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அப்போது குட்சுகாகே தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தாள்களை மேஜைமேல் விரித்தார்.

"மன்னிக்கணும். இது நீங்க அனுப்பின படிவம். முப்பத்து நாலு. இது உங்க வீட்டம்மா செப்டம்பர்ல தனியா அனுப்பினது. முப்பத்தஞ்சு. எதை நம்பறதுன்னு தெரியல. சரி, சின்னதையே தேடுவோம்னு தேடினேன்."

ரென்ஸ்கே கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்றேன்.

"எழுத்துப் பிழை."

"பேனா நழுவி நாலரை சென்டிமீட்டர் கூடிடுச்சா?"

"சரி வீபே, கேட்டுக்கோ. உன் காலுறையை இருபத்தஞ்சு வருஷமா நான்தான் வாங்கறேன். அளவு எனக்குத் தெரியாதா? சேர்ந்து சறுக்கலாம்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அப்புறம்தான் யோசிச்சேன். மலை உச்சியில நின்னா நீ மேகத்துக்கு லத்தீன்ல என்னன்னு ஆரம்பிப்பே. நான் இறங்கவே முடியாது. பூட்ஸ் கிடைக்கலேன்னா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நீ போய் வெந்நீர்ல கிட."

நியாயமாகப் பார்த்தால் நான் அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கவேண்டும். நான் ஜப்பான்வரை வந்து தேடியது அதுதான். அதை அவளே தட்டில் வைத்து நீட்டுகிறாள். ஆனால் நாமாக ஒதுங்குவது வேறு, நம்மை ஒதுக்குவது வேறு. மார்புக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"போடுங்க அந்தப் பச்சைப் பூட்ஸை," என்றேன்.

"வேண்டாம் வீபே. விழுந்துருவே."

"விழறேன். மலை என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"உடைஞ்சா ஒரு மாசம் படுக்கை."

"உடையட்டும். கட்டுப் போடத்தான் நீ இருக்கியே."

குட்சுகாகே அதற்குள் நான்கு கொக்கியையும் மாட்டிவிட்டார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன். மீதி மூன்று நாளுக்கும் பூட்ஸ், கட்டை, பயிற்சி வகுப்பு. படித்துப் பார்க்கக்கூட இல்லை. கோபத்தில் படிக்கக்கூடாது என்று என் மாணவர்களுக்கு நானே சொல்வதுண்டு.

அன்றைக்கே முதல் வகுப்பு. என்னோடு ஒன்பது பேர். எல்லாருக்கும் ஆறு வயது. நான் விழும்போதெல்லாம் அவர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். பதினொரு தடவை தட்டினார்கள். ஆனால் பன்னிரண்டாவது தடவை நான் விழவில்லை. சரிவின் பாதிவரை வந்து, எதன்மேலும் மோதாமல், நானாகவே நின்றேன். எலும்புகளை எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது.

மேலேயிருந்து ரென்ஸ்கே காற்றுபோல் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் சிவந்து, இருபத்தைந்து வருஷம் முன்பு பார்த்ததுபோல் இருந்தாள். எனக்கு மனத்தாங்கல் தீரவில்லை.

"செப்டம்பர்லயே என்னைக் கழட்டிவிட முடிவு பண்ணிட்டே, இல்லையா?"

"செப்டம்பர்ல நான் ஏன் எழுதறேன்?" என்றாள், கையுறையைச் சரிசெய்துகொண்டே. "நேத்து மத்தியானம் நீ தண்ணியில ஊறிக்கிட்டிருந்தே இல்ல, அப்ப குட்சுகாகே கடையில உக்காந்து எழுதினது. உன் படிவத்தை அப்பதான் காட்டினார். காலையில முப்பத்து நாலுன்னு கேட்டப்பவே சந்தேகம், படிவத்தைப் பாத்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு, அவருக்கும் சொன்னேன். மூணு நாள் ஊரெல்லாம் போன் பண்ணின மனுஷன் பாரு, செப்டம்பர்னு சொல்லணும்னு அவரே எடுத்துக் கொடுத்தார். பார்சலைத்தான் நிறுத்த முடியல."

"அப்ப, நான் வரவேண்டாம்னு சொன்னது?"

"வான்னு கூப்பிட்டு நீ என்னிக்கு வந்திருக்கே?" சறுக்குத்தடியால் பள்ளத்தைக் காட்டினாள். "பேசாம அந்தப் பக்கமா வா."

வரமுடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலில் இருந்த கட்டைகள் இரண்டும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் காட்டிய பக்கமாகப் புறப்பட்டுவிட்டன.