மின்னலுக்கு ஒரு வேகத்தடை

ரயில், விமானம், ராக்கெட் என்று வேகத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் உலகத்தில் சிலை இருக்கிறது. அந்த வேகத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்து, மனிதன் நிம்மதியாக மூச்சுவிட வழிசெய்த குற்றாலலிங்கத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு முட்டுச்சந்துக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை. தெய்வமே பள்ளிகொண்டு ஓய்வெடுக்கும் ஊரில் இப்படி ஒரு மறதி நேர்ந்திருப்பது வருந்தத்தக்கது.

குற்றாலலிங்கம், சான்றிதழ் மெய்மை ஆய்வு உதவி இயக்ககத்தின் சூப்ரண்ட். பூர்வீகம் தென்காசிப் பக்கம். மூன்று தலைமுறையாக மணக்காட்டில் வீடு. பொதுமக்கள் கொண்டுவரும் பள்ளிச் சான்றிதழ் உண்மையான சான்றிதழ்தான் என்று இன்னொரு சான்றிதழ் கொடுப்பது அந்த இயக்ககத்தின் பணி. அந்த இரண்டாவது சான்றிதழை யார் நம்புவது என்று சிலர் குதர்க்கமாகக் கேட்டதுண்டு. அதற்கு இன்னொரு இயக்ககம் பரிசீலனையில் இருந்தது.

அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர் குளிரூட்டிய அறையில் வெல்வெட் உறைக்குள் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அதில் பத்து வருடமாக நடந்த பணி ஒன்றே ஒன்று. கோப்புகளில் அதற்கு ‘விரல் பயிற்சி’ என்று பெயர். திரையில் ஒரு கோட்டை. அதற்குள் குட்டியாக ஒரு பச்சை மனிதன். மேலிருந்து பாறைகள் விழும். நசுங்காமல் ஓடி, சாவியைப் பொறுக்கி, கதவைத் திறக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு கதவுகள். மற்ற ஊழியர்கள் யாரும் ஐந்தைத் தாண்டியதில்லை. குற்றாலலிங்கம் பதினொன்றைத் திறந்தவர். அலுவலகத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாததற்கு சீனியாரிட்டி மட்டும் காரணமல்ல.

பன்னிரண்டாவது கதவு மட்டும் அவருக்கு ஆட்டம் காட்டிக்கொண்டே இருந்தது. வரும் மார்ச்சில் ஓய்வு. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டுக்கு மாடி எழுப்பியாயிற்று. கடமைகளில் மிச்சம் இருந்தது இந்த ஒரு கதவுதான்.

இந்த நேரம் பார்த்து, 2002-இல், ‘மின்னல்’ திட்டம் வந்தது. ‘நின்ற இடத்தில் சான்றிதழ்’ என்பது அதன் முழக்கம். புதிய கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. பழையது பின்வராந்தாவுக்குப் போகும் வழியில் படியில் விழுந்து உடைந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், ரிப்பன் வெட்டினார்கள். விசையை அழுத்தித் தொடங்கிவைக்க வேண்டிய பிரமுகர், தன் பேச்சு நீண்டுபோனதால் அழுத்தாமலே போய்விட்டார். கிளார்க் ஜெயஷீலா அழுத்தினாள். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஜெயஷீலா, திட்டத்தின் பயிற்சி வகுப்பில் உண்மையாகவே பாடத்தைக் கவனித்துவிட்ட ஒரே ஊழியர்.

அந்தப் புதன்கிழமை விழா ஓய்ந்து மதியம் நெருங்கியபோது முதல் ஆளாக ஜன்னலுக்கு வந்தவர் பேட்டையில் கடை வைத்திருப்பவர். ஜெயஷீலா அவருடைய எண்ணைத் தட்டினாள். இரண்டு நிமிடத்தில் சான்றிதழ் சுடச்சுட வெளியே வந்தது. மனிதர் பயந்துபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வாசல்வரை போனவர், மறுபடி வந்து, இது அசல்தானா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

அவருக்குப் பின்னால் நின்றவள் சரோஜம். பொன்முடித் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். அவள் மகள் நீதுவுக்கு நாகர்கோவிலில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மெய்மைச் சான்றிதழோடு சனிக்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். முதல் பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த சரோஜம், முன்னால் நின்றவருக்கு நடந்த அற்புதத்தைக் கண்ணால் பார்த்தாள். அவள் முறை வந்ததும் சாப்பாட்டு இடைவேளை தொடங்கியது.

சாப்பிட்டுவிட்டுக் குற்றாலலிங்கம் செருப்பைக் கழற்றி உள்ளே போனார். விரல் பயிற்சிக்கு உட்கார்ந்தார். ஆட்டம் இருந்ததோ பப்படம் அளவு பெரிய பிளாப்பியில். புதிய கம்ப்யூட்டரில் அதைச் செருக வாயே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்; பின்பக்கமும் இல்லை. முகம் வெளிறி வெளியே வந்தார்.

அரசு அலுவலகம் மெத்தனமானது என்று பேசுகிறவர்கள் அடுத்த மூன்று நாட்களை அவசியம் பார்த்திருக்க வேண்டும். ‘பாரம்பரிய மென்பொருள் இயங்காமை’ என்று உடனே ஒரு கோப்பு திறந்தார்கள். ‘மிக அவசரம்’ என்ற சிவப்புச் சீட்டை அதன் முகப்பில் கட்டினார்கள். கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்கு அன்றே போன் பறந்தது. ஜன்னலில் நின்ற சரோஜத்திடம், மெஷின் ரிப்பேர், எல்லாரும் அதிலேதான் இருக்கிறார்கள் என்று பியூன் பிச்சையா சொன்னார். அவள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். உண்மைதான், மொத்த அலுவலகமும் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கவலையோடு நின்றது. அவள் கடைசி பஸ்வரை காத்திருந்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ரெஜி வந்தான். பிளாப்பியில் பூசணம் பிடித்திருந்தது. பிச்சையா அதை மொட்டைமாடி வெயிலில் வற்றல்போலக் காயவைத்து, காக்கா கொத்தாமல் காவலும் இருந்தார். ரெஜி அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், உள்ளிருந்ததைச் சின்ன பிளாப்பிக்கு மாற்றிக் கொண்டுவந்து போட்டான். திரை கறுத்தது, ஒருமுறை சிமிட்டியது, பழையபடி ஆனது. கீழே ஏதோ ஆங்கில வாசகம். இந்த மெஷினில் இதற்கு அனுமதி இல்லை என்கிறது என்றாள் ஜெயஷீலா.

“யாருக்க அனுமதி வேணும்?” என்றார் குற்றாலலிங்கம். “காகிதத்தைக் கொண்டா. நான் ஒப்புப் போடுதேன்.”

காகிதத்தில் தீரும் விஷயமல்ல என்று தெரிந்ததும் அவர் மனம் உடைந்துபோனார். அவர் கையெழுத்துக்கு மசியாத ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை. ரெஜி மாலைவரை போராடி, நீ இன்னும் பழைய மெஷின்தான் என்று புதிய மெஷினை எப்படியோ நம்பவைத்தான். கோட்டை தோன்றியது. பச்சை மனிதன் தோன்றினான். அறையே மூச்சை அடக்கிக்கொண்டது. குற்றாலலிங்கம் விசையை அழுத்திய விரலை எடுப்பதற்குள் மழைபோலப் பாறைகள் கொட்டி, பச்சை மனிதன் செத்தான். மறுபடி பிறந்தான், செத்தான். பத்து வருட சாம்பியன் கிளார்க்குகள் முன்னால் முதல் கதவிலேயே தோற்று உட்கார்ந்திருந்தார்.

“ஆட்டத்துல தப்பு ஒண்ணும் இல்ல சாரே,” என்றான் ரெஜி. “மெஷினுக்கு வேகம் கூடிப்போச்சு. அதாக்கும் சம்பவம்.”

“அப்போ குறைக்க வழியுண்டா?”

உண்டு என்றான். அதற்கென்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னான். அது மெஷினை வேலைக்கு நடுவே அடிக்கடி சும்மா உட்காரவைக்கும். நூறு வேலை செய்யக்கூடிய மெஷின் இரண்டு வேலை செய்துவிட்டு, மிச்ச நேரம் செய்வதுபோலக் காட்டிக்கொண்டிருக்கும். இதை எப்படி விளக்குவது என்று ரெஜி தடுமாறினான். விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சரோஜம் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். மெஷின் சீக்கிரம் சரியாக வேண்டும் என்று வேண்டுதல். இலைத்துண்டில் கொண்டுவந்த சந்தனத்தை ஜன்னல் வழியாக எல்லோருக்கும் நீட்டினாள். பிரசாதம் பூசும் வழக்கமில்லாத ஜெயஷீலா அதை மரியாதையாக மேசைமேல் வைத்தாள். குற்றாலலிங்கம் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். ஒரு பொதுஜனம் அலுவலகப் பணியில் இவ்வளவு ஈடுபாடு காட்டுவது அவரைத் தொட்டுவிட்டது.

ரெஜி புரோகிராமைப் போட்டான். தினமும் தனியாக அதை இயக்குவது நிர்வாகத்துக்கு அழகல்ல, மெஷினை முடுக்கியதும் அது தானே தொடங்க வேண்டும் என்று குற்றாலலிங்கம் உத்தரவிட்டார். ‘பணிச்சூழலுக்கேற்ப இயந்திரத்தை இணக்கப்படுத்துதல்’ என்று கோப்பில் எழுதி ஒப்பும் போட்டார். பாறைகள் இப்போது பழைய நிதானத்தில் விழுந்தன. பச்சை மனிதனுக்கு யோசித்து நகர அவகாசம் கிடைத்தது. முதல் கதவு திறந்தது. ஐந்து திறந்தது. மாலை நெருங்கும்போது பதினொன்று. சாயா குடிக்கப் போனவர்கள் பாதியில் திரும்பி ஓடிவந்தார்கள்.

பன்னிரண்டாவது கதவின் முன்னால், கையில் சாவியோடு பச்சை மனிதன். அந்த நேரத்தில் ஜெயஷீலா குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

“சாரே, அந்தப் பொன்முடிக்காரி மூணு நாளா நிக்கா. நாளைக்கு ரெண்டாம் சனி, லீவு. இதை ஒண்ணு நிறுத்தி வையுங்க. அவளுக்குள்ளதை மட்டும் நான் எடுத்துக் குடுத்திடுதேன்.”

குற்றாலலிங்கம் பெருந்தன்மையோடு ஆட்டத்தை நிறுத்திவைத்து எழுந்து இடம் கொடுத்தார். ஜெயஷீலா எண்ணைத் தட்டினாள். திரையில் மணல்கடிகாரம் வந்தது. வந்தது வந்தபடியே நின்றது. அலுவலகம் மூடும் நேரமும் வந்தது, மணல்கடிகாரம் அசையவில்லை.

அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி முடுக்கினால் இரண்டு நிமிடத்தில் பிரிண்ட் வரும் என்றான் ரெஜி. ஆனால் ஆட்டம் அழியும். முதல் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எல்லோரும் குற்றாலலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதிலும் நெற்றியில் சந்தனம் இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நாள் மறுபடி வாய்க்குமா என்று யார் சொல்ல முடியும்? அவர் ஜன்னலுக்குப் போனார். பிற்காலத்தில் இந்த மாநிலத்தின் எல்லாக் கவுண்டர்களிலும் ஒலிக்கப்போகும் அந்த வாக்கியத்தை முதன்முதலாக உச்சரித்தார்.

“சிஸ்டம் ஸ்லோவா இருக்கும்மா. திங்கக்கிழமை வாங்கோ.”

சரோஜம் கையிலிருந்த மஞ்சள் பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நாளையோட தேதி முடியுது சார். எம் மகளுக்கு இந்த வருசம் இல்லன்னு ஆயிப்போச்சு,” என்றாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்து இரங்கிச் சொன்னாள். “நீங்க என்ன செய்வீங்க, பாவம். மூணு நாளா சோறு தண்ணியில்லாம எல்லாரும் அந்த மெஷினோட மல்லுக்கட்டினத நான் பாத்துட்டுத்தானே நின்னேன். இப்படி உழைக்கிறவங்கள நான் எங்கயும் கண்டதில்ல. போற வழியில இன்னொரு தேங்கா உடைச்சிட்டுப் போறேன் சார். அடுத்தாப்ல வர்ற பிள்ளைகளுக்காவது நல்லா ஓடட்டும்.”

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கடைசிக் கதவு திறந்தது. அதற்குள்ளே மறுபடி முதல் கதவு இருந்தது. அலுவலகம் கைதட்டியது.

மார்ச்சில் பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். வேகம் குறைக்கும் அந்தப் புரோகிராம் மற்ற அலுவலகங்களுக்கும் பரவிவிட்டதை இயக்குநர் பெருமையோடு குறிப்பிட்டார். இத்தனை வருட சேவையில் பொதுமக்கள் வாயால் ஒரு பாராட்டாவது கேட்டதுண்டா என்று சிரித்துக்கொண்டே அவரிடம் கேட்டார்.

கேட்டதுண்டு, ஒரே ஒருமுறை. குற்றாலலிங்கம் அதை அங்கே சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.